தாயும் தராசும்

வளைகாப்பு நடக்கும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு ஒரு பெண் மணையில் அமர்ந்திருக்கிறாள். எதிரே புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எனப் பலவகை உணவுகள். "நன்றாகச் சாப்பிடு அம்மா! நீ இப்போது இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவள்" என்று அத்தை இன்னும் ஒரு கரண்டி வைக்கிறார். உடனே பாட்டியின் குரல் கேட்கிறது: "போதும், போதும். வயிற்றுப் பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவத்தில் அவதிப்படப் போவது அவள்தான்!"

இருவருமே அந்தப் பெண்ணின் மீது அன்பு கொண்டவர்கள். ஆனால் ஒருவர் சொல்வதற்கு நேர் எதிரானதை மற்றவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

மருத்துவ அறிவியலும் இதே கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய பேராசிரியர்களே பாட்டியின் கட்சியில் இருந்தார்கள். அந்தக் கருத்து எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது, எதனால் வீழ்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம். தராசு காட்டும் ஓர் எண்ணை எப்படிப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்கக்கூடாது என்பதும் அப்போது உங்களுக்கு விளங்கும்.

ஹாம்பர்க் நகரத்து உணவுப் பட்டியல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. ஐரோப்பாவின் தொழில் நகரங்களில் ஆலைப் புகை வானத்தை மறைத்திருந்தது. ஏழைகளின் குழந்தைகள் வெயில் படாத குறுகிய சந்துகளில் வளர்ந்தார்கள். அவர்களில் பலரை ரிக்கட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோய் பிடித்தது. இந்நோய் கண்ட சிறுமிகளின் கால்கள் வளைந்தன. அதைவிடக் கொடியது, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றம்: இடுப்பெலும்புக் கூடு நசுங்கிக் குறுகிப்போயிற்று. அச்சிறுமி வளர்ந்து தாயாகும்போது, குழந்தையின் தலை அந்தக் குறுகிய வழியில் வெளிவர முடியாமல் சிக்கிக்கொண்டது.

இன்று இத்தகைய நிலையில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்துவிடுவார்கள். அன்று அந்த அறுவை பெரும்பாலும் தாயின் உயிரைப் பறித்தது. 1882-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரின் மாக்ஸ் சேங்கர், கருப்பையில் இட்ட வெட்டைத் தைத்து மூடும் முறையை வகுத்துத் தந்தார். அதன் பிறகுதான் இவ்வறுவை மெல்ல மெல்லப் பாதுகாப்புப் பெற்றது. அதுவரை மருத்துவர்களுக்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, மாதம் நிறையும் முன்பே பிரசவத்தைத் தூண்டுவது. மற்றொன்றைச் சொல்லவே மனம் நடுங்குகிறது. தாயைக் காப்பாற்றக் குழந்தையின் தலையை நசுக்கி வெளியே எடுப்பது.

இந்தக் கொடுமையைத் தவிர்க்க வழி தேடியவர்களில் ஒருவர் ஹாம்பர்க் நகரின் மகளிர் மருத்துவர் லுட்விக் ப்ரோகோவ்னிக். 1889-ஆம் ஆண்டில் அவர் ஓர் எளிய யோசனையை வெளியிட்டார். இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் உணவைக் கட்டுப்படுத்த வேண்டும். இறைச்சி, முட்டை, மீன், கீரை ஆகியவற்றை அளவாகத் தரலாம். உருளைக்கிழங்கு, சர்க்கரை, சூப், பீர் ஆகியவை கூடாது. தண்ணீரைக்கூட அளந்தே தர வேண்டும். இப்படிச் செய்தால் குழந்தை மெலிந்து பிறக்கும், பிரசவம் எளிதாகும் என்றார் அவர். முந்தைய பிரசவங்களில் குழந்தையை இழந்த சில பெண்கள் இம்முறையைக் கைக்கொண்டு, உயிருள்ள குழந்தைகளைப் பெற்றதாகவும் எழுதினார்.

வாசகர்களே, இங்குச் சற்று நின்று மூன்று செய்திகளைக் கவனியுங்கள். அவர் கண்டது மிகச் சில பெண்களை. அவர்கள் எல்லோரும் இடுப்பெலும்பு குறுகியவர்கள். உணவுக் கட்டுப்பாடும் கடைசிச் சில வாரங்களுக்கே. அந்தக் காலத்து நிலையில் இது மனிதாபிமானமுள்ள முயற்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால் நாளடைவில் என்ன நடந்தது? மூன்று வரம்புகளும் மறக்கப்பட்டன. "குறைவாக உண்டால் எளிதாகப் பெறலாம்" என்ற ஒரு வரி மட்டும் நிலைத்தது. 1919-ஆம் ஆண்டில் பெர்லின் மருத்துவர் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி ரிக்கட்ஸ் நோயைக் குணப்படுத்திக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் வைட்டமின் டி அறியப்பட்டது. குறுகிய இடுப்பெலும்புகள் அரிதாயின. மருந்து தேவைப்பட்ட நோய் போய்விட்டது. மருந்துச் சீட்டு மட்டும் கைமாறிக்கொண்டே வந்தது!

வெப்பமானியை உதறினால் காய்ச்சல் தணியுமா?

அந்தச் சீட்டுக்குப் புது உயிர் கொடுத்தது வேறொரு நோய். எக்லாம்ப்சியா எனப்படும் பேறுகால வலிப்பை நம் ஊர்களில் பிரசவ ஜன்னி என்பார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரில் புரதம் இறங்கும். முகமும் கைகளும் வீங்கும். பிறகு வலிப்பு வரும். தாய், சேய் இருவர் உயிரையும் கொள்ளை கொள்ளும் நோய் இது.

முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் உணவுப் பஞ்சம் நிலவியது. அப்போது இந்த வலிப்பு குறைந்துவிட்டதாக மருத்துவர்கள் எழுதினார்கள். இறைச்சியும் கொழுப்பும் குறைந்ததே காரணம் என்று முடிவு கட்டப்பட்டது. ஆடவர் போர்முனையில் இருந்ததால் முதற் பிரசவங்கள் குறைந்திருக்கலாம் என்பதும், இவ்வலிப்பு முதற் பிரசவத்தில்தான் மிகுதி என்பதும் போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை.

1920-களில் கர்ப்பிணிகளைத் தவறாமல் எடை பார்க்கும் வழக்கம் வளர்ந்தது. இது மிக நல்ல வழக்கம். வலிப்பு வருவதற்கு முன் பல பெண்களின் எடை திடீரென ஏறுவதை மருத்துவர்கள் கண்டார்கள். இங்கேதான் ஒரு பெரிய தவறு நுழைந்தது. "எடை ஏறுகிறது, பிறகு வலிப்பு வருகிறது. ஆகவே எடையை ஏறவிடாமல் தடுத்தால் வலிப்பு வராது" என்று நினைத்தார்கள்.

உண்மையில் அந்தத் திடீர் எடை, உண்ட உணவால் வந்தது அன்று. உடல் திசுக்களில் தேங்கிய நீரால் வந்தது. நச்சுக்கொடி சரியாக வேரூன்றாமையில் தொடங்கி, தாயின் இரத்தக் குழாய்களைப் பாதிக்கும் ஒரு நோயாகவே இன்று இதை அறிவியலார் காண்கிறார்கள். எடை ஏற்றம் நோயின் அறிகுறி; காரணம் அன்று. காய்ச்சல் கண்டவன் வாயிலிருந்து வெப்பமானியை எடுத்து உதறினால் பாதரசம் இறங்கும், காய்ச்சல் இறங்குமா? மாணவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஒன்றன்பின் ஒன்று வருவதாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மருத்துவர் பலர் தம்மிடம் வந்த கர்ப்பிணிகளுக்கு 15 முதல் 20 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ வரைதான் எடை கூடலாம் என்று வரம்பு கட்டினார்கள். உப்பில்லா உணவு விதித்தார்கள். சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரைகளைத் தந்தார்கள். பசியைக் கொல்லும் ஆம்பெட்டமின் மாத்திரைகள்கூடக் கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரப்பட்டன. எடை கூடிய பெண் குற்றவாளியைப்போல் தராசின் மீது நின்றாள்.

பசியின் குளிர்காலம்

தாய் பட்டினி கிடந்தால் வயிற்றுக் குழந்தைக்கு என்ன ஆகும்? இதைச் சோதித்துப் பார்க்க எந்த நாகரிக நாட்டிலும் எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் போர் அந்தச் சோதனையை யாரையும் கேளாமல் நடத்திவிட்டது.

1944-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜெர்மன் படையின் பிடியில் இருந்த நெதர்லாந்தில் இரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பழிவாங்க ஜெர்மானியர் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தார்கள். பிறகு படகுப் போக்குவரத்துக்கு இடம் தந்தபோது கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்துபோயின. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு நவம்பர் இறுதியில் 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. பின்னர் 400 முதல் 800 கலோரி வரைதான் கிடைத்தது. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்குகளைத் தின்றார்கள். 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்தது, உணவும் வந்தது.

இந்தப் பஞ்சத்திற்குத் தெளிவான தொடக்கமும் தெளிவான முடிவும் உண்டு. அதோடு, பஞ்சத்தின் நடுவிலும் அந்நாட்டு மருத்துவமனைகளும் மருத்துவச்சிகளும் பிறந்த குழந்தைகளை எடை பார்த்துக் குறித்து வைத்தார்கள். ஆகவே ஒருவரின் பிறந்த தேதி தெரிந்தால் போதும். தாயின் வயிற்றில் எந்த மாதத்தில் அவர் பசியைச் சந்தித்தார் என்று கணக்கிட்டுவிடலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளெமென்ட் ஸ்மித் இப்பதிவுகளை ஆராய்ந்து 1947-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் சீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் என்னும் இணையர், தம் கூட்டாளிகளுடன் மேலும் விரிவாக ஆராய்ந்து 1975-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பசியைக் கண்ட குழந்தைகள் சராசரியாகச் சுமார் 300 கிராம் குறைந்து பிறந்தார்கள். அக்குழந்தைகளில் பிறந்த முதல் மூன்று மாதங்களுக்குள் இறந்தவர்களின் விகிதமும் கூடியிருந்தது. ஜெர்மன் படை முற்றுகையிட்ட லெனின்கிராட் நகரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 1942-ஆம் ஆண்டின் முற்பாதியில் குழந்தைகளின் எடை 500 முதல் 600 கிராம் வரை குறைந்ததாக அந்நகரின் மருத்துவர் அன்டோனோவ் எழுதினார்.

கதை அதோடு முடியவில்லை. கருவுற்ற முதல் மாதங்களில் மட்டும் பசியைச் சந்தித்துப் பின்னர் உணவு கிடைத்த குழந்தைகள் ஏறத்தாழ இயல்பான எடையோடு பிறந்தார்கள். "தப்பித்தார்கள்" என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 19 வயதில் இராணுவத் தேர்வுக்கு வந்த சுமார் 3,00,000 இளைஞர்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 1976-இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் முற்பாதியில் பசியைக் கண்டவர்களிடையே உடற்பருமன் மிகுந்திருந்தது. 1998-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் இரத்தத்தின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்திருந்தது. வயிற்றில் பட்ட பசியை உடல் ஐம்பது ஆண்டுகள் மறக்கவில்லை!

12.5 கிலோ எங்கே போகிறது?

அப்படியானால் ஒரு கர்ப்பிணிக்கு எவ்வளவு எடை கூட வேண்டும்? இதற்கு அதிகாரத்தால் அன்றி அளவையால் விடை சொன்னவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் ஹைட்டனும் இசபெல்லா லீட்சும். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது நூல், நலமுள்ள தாய்மார்கள் கட்டுப்பாடின்றி உண்டால் சராசரியாக 12.5 கிலோ எடை கூடுகிறார்கள் என்று காட்டியது. ஹைட்டன் பின்னர் திருத்தித் தந்த கணக்கையே எடுத்துக்கொண்டு, இந்த எடை எங்கே போகிறது என்று பார்ப்போம்.

குழந்தை சுமார் 3,400 கிராம். நச்சுக்கொடி 650 கிராம். பனிக்குட நீர் 800 கிராம். வளர்ந்து பெருத்த கருப்பை 970 கிராம். மார்பகங்களின் வளர்ச்சி 405 கிராம். கூடுதல் இரத்தம் 1,450 கிராம். திசுக்களில் சேரும் நீர் 1,480 கிராம். மீதி 3,345 கிராம் தாயின் உடலில் சேமிக்கப்படும் கொழுப்பு. கூட்டிப் பாருங்கள், சரியாக 12,500 கிராம் வரும்.

இப்போது இந்தக் கணக்கை வைத்துப் பழைய வரம்பை அளந்து பாருங்கள். குழந்தை முதல் திசு நீர் வரை உள்ளவை மட்டுமே 9 கிலோவைத் தாண்டிவிடுகின்றன. ஏழு கிலோவோடு நிறுத்திக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், இந்தப் பட்டியலில் எதை அவள் குறைப்பாள்? இரத்தத்தையா, குழந்தையையா? கொழுப்பும் வீண் சுமை அன்று. பால் சுரப்பதற்குத் தேவைப்படும் ஆற்றலின் ஒரு பகுதியை உடல் முன்கூட்டியே சேமித்து வைப்பதுதான் அது.

1970-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று எல்லாச் சான்றுகளையும் தொகுத்து ஆராய்ந்தது. பழைய வரம்பை அது ஏற்கவில்லை. சராசரியாக 24 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11 கிலோ எடை கூடுவதே ஏற்றது என்று அறிவித்தது. ப்ரோகோவ்னிக்கின் உணவுப் பட்டியல் வெளிவந்து 81 ஆண்டுகள் கழித்துத்தான் காற்று திசை மாறியது.

குன்னூரும் திருவல்லிக்கேணியும்

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. நீலகிரி மலையில் குன்னூரில் 1918-ஆம் ஆண்டு, பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது. அந்த ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த வெங்கடாசலம், சங்கர், கோபாலன் ஆகியோர் 1960-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழைப் பெண்கள் கர்ப்ப காலம் முழுவதிலும் கூடிய எடை ஆறு, ஆறரை கிலோ அளவில்தான் இருந்தது. கடல் கடந்த நாட்டில் மருத்துவர்கள் கட்டளையிட்டுச் செய்விக்க முயன்றதை, நம் நாட்டில் வறுமை கட்டளையின்றியே செய்து முடித்திருந்தது. அதன் பயன் எளிய பிரசவமா? இல்லை, எடை குறைந்த குழந்தைகளும் இரத்தச் சோகை பிடித்த தாய்மாருமே.

இரத்தச் சோகை என்றதும் நினைவுக்கு வர வேண்டியவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர். 1928-இல் இந்தியா வந்த இவர், பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளைத் தாக்கிய கொடிய இரத்தச் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா மருத்துவமனை என்று அழைக்கப்பட்ட இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையிலும் பணி செய்தார். பழமும் கீரையும் அரிதான உணவே இந்நோய்க்கு வழி செய்தது என்று கண்டார். மலிவாகக் கிடைத்த ஈஸ்ட் சாறு ஒன்றைக் கொடுத்ததும் சாகக் கிடந்த பெண்கள் எழுந்து அமர்ந்தார்கள். 1931-இல் இதை உலகுக்கு அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் எது? 1941-இல் அமெரிக்க அறிவியலார் டன் கணக்கில் பசலைக் கீரையைப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரும் வைத்தார்கள்.

கருவுறும் முன்பிருந்தே இதை உட்கொண்டால், குழந்தையின் தண்டுவடம் மூடாமல் பிறக்கும் குறையைப் பெருமளவு தடுக்கலாம் என்பதை 1991-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று நிலைநாட்டியது. ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே இக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. தராசு இதைக் காட்டாது. எடை சரியாக இருந்தும் தட்டில் கீரை இல்லாத தாய் உண்டு. எவ்வளவு உண்கிறோம் என்பதோடு எதை உண்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான் ஊட்டம்.

கடலை பிஸ்கட் சொன்ன தீர்ப்பு

"சரி, தாய்க்கு நிறைய உணவு கொடுத்தால் குழந்தையின் தலை பெருத்துப் பிரசவம் சிக்கலாகுமே?" என்ற பாட்டியின் கேள்வி இன்னும் நிற்கிறது. இதற்கு விடை மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலிருந்து வந்தது.

அந்நாட்டுச் சிற்றூர்களில் ஆண்டுதோறும் மழைக்காலம் பசிக்காலம். பழைய தானியம் தீர்ந்துபோகும். புது விளைச்சல் வந்திராது. வயல் வேலையோ மிகுதி. அங்கே 28 ஊர்களில் ஐந்து ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. வறுத்த வேர்க்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலெண்ணெய் சேர்த்துச் செய்த பிஸ்கட்டுகள் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் தரப்பட்டன. 1997-இல் முடிவு வெளிவந்தது. குழந்தைகளின் எடை சராசரியாக 136 கிராம் கூடியது. பசிக்காலத்தில் 201 கிராம் கூடியது. இறந்து பிறக்கும் குழந்தைகளும், பிறந்த முதல் வாரத்தில் இறக்கும் குழந்தைகளும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

தலை எவ்வளவு பெருத்தது தெரியுமா? சுற்றளவில் சுமார் 3 மில்லிமீட்டர். பள்ளியில் படித்த சூத்திரத்தால் வகுத்துப் பாருங்கள். குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர்தான்! அந்த ஒரு மில்லிமீட்டருக்கு அஞ்சிப் பட்டினி கிடப்பது எத்தனை பெரிய இழப்பு!

பாட்டியின் அச்சத்திலும் ஓர் உண்மை

அப்படியென்றால் அத்தை சொன்னதுபோல் இரண்டு ஆளுக்குச் சாப்பிடலாமா? அதுவும் கூடாது. அச்சம் மட்டும் போதாததுபோலவே தாராளமும் மட்டும் போதாது.

கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்கு நீரிழிவு தோன்றும். தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நச்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்கிறது. தாயின் இன்சுலின் செல்வதில்லை. குழந்தையின் கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்க, அதனால் குழந்தை கொழுத்து வளர்கிறது. டென்மார்க் நாட்டு மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1952-இல் தந்த விளக்கம் இது. இத்தகைய குழந்தையின் தோள்கள் பிரசவத்தில் சிக்கிக்கொள்ளக்கூடும். பாட்டி அஞ்சிய "பெருத்த பிள்ளை" உண்மையில் இதுதான். இதற்குக் காரணம் அளவான உணவு அன்று. கட்டுக்கு அடங்காத சர்க்கரை.

சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யாவும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. சோதிக்கப்பட்ட கர்ப்பிணிகளில் நகரத்தில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிறு நகரங்களில் 13.8 விழுக்காட்டினருக்கும், கிராமங்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருந்தது. ஆகவே ஒரே தெருவில் ஊட்டம் போதாத தாயும் இருக்கலாம். சர்க்கரை மிகுந்த தாயும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

ஓர் எண் போதாது என்று அறிவியலும் உணர்ந்தது. 1990-ஆம் ஆண்டிலும், பின்னர் 2009-ஆம் ஆண்டிலும் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழுக்கள், கருவுறும் முன் பெண்ணின் உடல்வாகு எப்படி இருந்ததோ அதற்கேற்ப வரம்புகளை வகுத்தன. 2009-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, மெலிந்த பெண்ணுக்கு 12.5 முதல் 18 கிலோ வரையும், இயல்பான உடல்வாகு உள்ளவருக்கு 11.5 முதல் 16 கிலோ வரையும், சற்றுப் பருத்தவருக்கு 7 முதல் 11.5 கிலோ வரையும், மிகப் பருத்தவருக்கு 5 முதல் 9 கிலோ வரையும் கூடலாம். நம் நாட்டு உடல்வாகு உள்ள பெண்களுக்குப் பொதுவாக 10 முதல் 12 கிலோ வரை என்று நம் ஊட்டச்சத்து நூல்கள் கூறுகின்றன. இரட்டைக் குழந்தை என்றால் கணக்கு வேறு. தமக்குரிய எண் எது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவதே முறை.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வோம்?

மீண்டும் வளைகாப்பு வீட்டிற்கு வருவோம். கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அது எவ்வளவு தெரியுமா? ஒரு தம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. அவ்வளவுதான். முட்டை உண்ணாதவர் ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல் உண்ணலாம். அத்தை நினைப்பதுபோல் இன்னோர் ஆளின் முழுச் சாப்பாடு தேவை இல்லை. பாட்டி நினைப்பதுபோல் பாதி வயிறும் கூடாது. அதனோடு நாள்தோறும் கீரை, பழம், பருப்பு, மோர். மருத்துவர் தரும் இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள். மருத்துவர் தடுக்காவிட்டால் அன்றாடம் சிறிது நடை. பருத்த பெண்ணும் கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கக் கூடாது. இனிப்பையும் பொரித்ததையும் குறைத்தால் போதும்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் எடை பார்த்துக்கொள்வதைத் தவறவிடக் கூடாது. ஓரிரு வாரத்தில் எடை திடீரென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அப்போது செய்ய வேண்டியது உணவைக் குறைப்பது அன்று. இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பது. மாதங்கள் கடந்தும் எடை ஏறாவிட்டாலும் அப்படியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஹாம்பர்க் மருத்துவர் ஓர் உயிரைக் காக்க நினைத்துத்தான் தம் பட்டியலை எழுதினார். அதை எந்தப் பெண்ணுக்கு, ஏன் என்று கேளாமல் எல்லோருக்கும் நீட்டியவர்கள்தான் தவறினார்கள். அந்தத் தவறைத் திருத்தியவர்களோ, பஞ்சத்தின் நடுவிலும் பிறந்த குழந்தையைத் தராசில் வைத்து எண்ணைக் குறித்து வைத்த மருத்துவச்சிகளும், அந்த எண்களைப் பொறுமையாகக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர்களும். தராசு என்றும் பொய் சொன்னதில்லை. அது சொன்னதை நாம் படித்த முறைதான் பிழையாக இருந்தது. உங்கள் வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருந்தால், அவளுடைய பரிசோதனை அட்டையில் எழுதியிருக்கும் எடையை அடுத்த முறை நீங்களும் பாருங்கள். அந்த எண்ணை வைத்து அவளைக் குறை சொல்வதற்காக அன்று. அவளுக்கு இன்று என்ன வேண்டும் என்று கேட்பதற்காக.